பொருளறிவு கூடுதல் தகுதியாம்!

திருக்குறள் முற்றோதல் பரிசுக்கெனத் தமிழ் வளர்ச்சித் துறை வெளியிட்டுவரும் அறிவிப்பைத் தோழர்கள் ஒருமுறை ஊன்றிப் படித்திடல் வேண்டும். மாணவர் 1330 குறளையும் ஒப்புவித்தல் வேண்டுமாம். அதிகாரத்தின் பெயரைச் சொன்னாலும் குறளின் எண்ணைச் சொன்னாலும் உரிய குறள் நாவில் வந்து நிற்றல் வேண்டுமாம். நூலின் சிறப்புப் பெயர்களும் தெரிந்திருத்தல் வேண்டுமாம். இத்தனைக்கும் பிறகு, பொருளும் அறிந்திருப்பின் அது கூடுதல் தகுதியாகக் கருதப்படுமாம்!

கூடுதல் தகுதி! இலை பந்தியிலே, சோறு திண்ணையிலே! என்னே நம் தமிழ் வளர்ப்பு!

மனப்பாடத்தை நாம் பகைக்கவில்லை. எதுகையும் மோனையும் நெஞ்சிலே தங்குதற்கு உதவுவன. ஏடும் எழுத்தாணியும் சிலர்க்கே வாய்த்த காலத்தில் பாட்டைக் காத்தவை நாவும் செவியுமே. ஆனால் 1330 குறளையும் கல்லிலே வெட்டி, 1976 இலேயே வள்ளுவர் கோட்டத்தில் வைத்துவிட்டோமே! கல் மறவாது, கேள்வியும் கேளாது. கல்லின் வேலையை உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைக்கு ஏன் தருகிறோம்?

பள்ளிகளிலே நடக்கும் செய்யுள் ஒப்புவித்தல் போட்டிகளும் பெரும்பாலும் இதே அச்சில் வார்த்தவையே. நடுவர் நூலை விரித்து வைத்து, விரலால் வரியைத் தொடர்ந்து, சொல் பிறழ்ந்தால் மதிப்பெண்ணைக் கழிக்கிறார். பிள்ளையின் முகத்தை நிமிர்ந்தும் பாரார். இடையிலே ஒரு சொல் நழுவிற்றோ, அடுத்த சொல்லும் வாராது. பொருளுணர்ந்தவன் கருத்தைப் பற்றிக்கொண்டு கரையேறுவான். ஒலியை மட்டும் சுமந்தவன் எதைப் பற்றுவான்?

நம் மாணவரை அழைத்துச் சென்றிருந்த போட்டியொன்றிலே, மாணவியொருத்தி ‘பெண்வழிச்சேறல்’ அதிகாரத்தைப் பிசகின்றி முழங்கினாள். கைதட்டல் கூரையைப் பிளந்தது. மனைவியின் சொல்வழி நடக்கும் ஆடவனை இகழும் அதிகாரம் அது! “இதைப் பற்றி நீ என்ன எண்ணுகிறாய், அம்மா?” என்று அவளைக் கேட்டார் எவருமிலர். மதிப்பெண் தாளிலே அதற்குக் கட்டமும் இல்லை. 1949 இல் சென்னையிலே திருக்குறள் மாநாடு கூட்டிய பெரியார், அந்நூல் பெண்ணைப் பற்றிக் கூறுவனவற்றை மறுக்கவும் தயங்கினாரல்லர். போற்றும் உரிமையும் மறுக்கும் உரிமையும் படிப்பவர்க்கு உண்டு. அவ்வுரிமையைப் பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் காட்டாமலே கோப்பையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டோம்!

அமெரிக்காவிலே 2006 முதல் நாடளாவி நடைபெறும் ‘பொயட்ரி அவுட் லவுட்’ என்னும் உயர்நிலைப் பள்ளிப் போட்டியிலும் பாட்டை நெட்டுருச் செய்தே சொல்லவேண்டும். ஆயினும் தொகுப்பிலிருந்து தன் பாட்டைத் தேர்பவர் மாணவரே. பொருளுணர்ந்து சொன்னாரா என்பதற்குத் தனி மதிப்பெண்ணும் உண்டு. (அயலாரைக் காட்டித்தான் நமக்கு அறிவு வரவேண்டுமா? ‘அறிவுடைமை’ என்றே ஓர் அதிகாரம் வகுத்தவன் நம்மவன் அன்றோ!)

அதிகாரம் ஒன்று போதும். அதையும் மாணவரே தேரட்டும். சொல்லி முடித்ததும் நடுவர் கேட்கட்டும்: இதை உன் தெருவிலே எங்கே கண்டாய்? மணக்குடவரும் பரிமேலழகரும் இங்கே மாறுபடின், எவர் பக்கம் நிற்பாய்? எந்தக் குறளோடு நீ உடன்படவில்லை, ஏன்? துறையினரும் அறிவிப்பின் கடைசித் தகுதியை முதல் தகுதியாக்கட்டும்.

நேரம் போதாது என்பர். நாற்பது பிள்ளைகளை ஒரு முற்பகலுக்குள் மேடையேற்றி இறக்குவதுதான் நோக்கமெனில், போதாதுதான். பத்துப் பேரைக் கேளுங்கள். நாள் முழுதும் கேளுங்கள்.