எந்தத் தெரு என்று கேட்கிற வகுப்பறையில்

'உன்னை நீயே நேசி', 'நீ எப்படி இருக்கிறாயோ அப்படியே உன்னை ஏற்றுக்கொள்' என்று தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறார்கள். கண்ணாடி முன் நின்று தன்னிடம் பிடித்த மூன்று விஷயங்களைப் பிள்ளை சொல்ல வேண்டும். கெட்ட எண்ணத்தில் செய்வதல்ல. ஆனால், தன்னைத் தாழ்வாக நினைக்க அந்தப் பிள்ளை எங்கே கற்றுக்கொண்டது என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை.

1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் இணையர், நிறம் மட்டும் வேறான பொம்மைகளைச் சிறுபிள்ளைகள் முன் வைத்து எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். கறுப்பினப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். அந்த ஆய்வு நீதிமன்றம் வரை போனது. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954 பிரவுன் தீர்ப்பு, கிளார்க்கின் ஆய்வையும் சான்றாகக் குறிப்பிட்டது.

நம் ஊரில் பொம்மை தேவையில்லை. 'நீ எந்தத் தெருடா?' என்ற கேள்வி போதும். நான் படித்த பள்ளியில் உதவித்தொகைப் படிவம் வந்தால், 'எஸ்.சி. பசங்கல்லாம் எந்திரிங்க' என்பார் ஆசிரியர். எழுந்து நிற்போம், மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். (பணம் வர அடுத்த வகுப்பு ஆகிவிடும், அது வேறு கதை.) அன்று என்னைக் கண்ணாடி முன் நிறுத்தியிருந்தால் கையெழுத்து அழகு என்று சொல்லியிருப்பேன். தெருப் பெயரைச் சொல்லியிருக்க மாட்டேன்.

சரி, கையில் சாதிக் கயிறு கட்டிவரும் பையனுக்கு இந்த வகுப்பு என்ன சொல்லும்? ஆண்ட பரம்பரை என்று வீட்டில் ஊட்டி வளர்த்த பிள்ளைக்குத் தன்மதிப்பில் குறையொன்றும் இல்லை. அவனிடமும் 'அப்படியே உன்னை ஏற்றுக்கொள்' என்பதா? 1925இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் அந்தப் பெருமையையும் சேர்த்துத்தான் கேள்வி கேட்டது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனும் அவன் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, ஆசிரியர் சாதியைச் சுட்டி மாணவரை அழைக்கக் கூடாது, வண்ணக் கயிறுகளைத் தடை செய்ய வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தது. எந்தப் பிள்ளையும் தன்னை மாற்றிக்கொள்ளத் தேவையில்லாத பரிந்துரைகள் இவை.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நம் பெற்றோர் இரண்டு கேள்விகளையாவது எழுப்ப வேண்டும்: உதவித்தொகைக்குப் பிள்ளைகளை எப்படிக் கூப்பிடுகிறீர்கள்? அந்தப் பதிவேட்டைக் காட்ட முடியுமா?