ஜூலை 30இல் நாம் எண்ணாதவர்கள்

ஒவ்வொரு ஜூலை 30 அன்றும் புதுச்சேரியில் பன்னிரண்டு பேருக்கு மாலை போடுகிறோம். 1936இல் அதே நாளில், வேலைநிறுத்தம் செய்த பஞ்சாலைத் தொழிலாளர்களைப் பிரெஞ்சு அரசு சுட்டுக் கொன்றது. அடுத்த ஏப்ரலில் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. வ. சுப்பையாவின் பெயரைச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். நான் போன கூட்டங்களில் பேச்சு இதைத் தாண்டியதில்லை. எத்தனை பேர் செத்தார்கள், தலைவர் யார்? போலீஸ் அறிக்கை கேட்பதும் இதே இரண்டு கேள்விகளைத்தான்.

சவானா, ரோடியர், கெப்ளே ஆலைகளில் பெண்களும் உழைத்தார்கள். அவர்கள் எங்கே?

எட்டு மணி நேரம் பிரெஞ்சுக்காரன் கொடுத்த கொடை என்று பேசுபவர்கள் நம்மூரில் இன்னும் உண்டு. 1936 ஜூனில் பாரீஸில் சோஷலிஸ்ட் லெயோன் புளூம் பிரதமரானார். ஆலைகளை ஆக்கிரமித்து உட்கார்ந்த பிரெஞ்சுத் தொழிலாளர்களோடு ஒப்பந்தம் போட்டார்கள். வாரம் 40 மணி நேர வேலையும் சம்பளத்தோடு விடுப்பும் கிடைத்தன. பெண்களுக்கு வாக்குரிமையே இல்லாத அந்த நாட்டின் அரசாங்கத்தில் மூன்று பெண்கள் துணை அமைச்சர்களானார்கள். பெண்ணிய வரலாறுகள் இதைக் கொண்டாடட்டும். அடுத்த மாதமே அதே கொடி பறந்த நம் ஊரில் துப்பாக்கி வெடித்தது என்பதையும் அதே பத்தியில் எழுதட்டும்.

ஆவணம் இல்லையே, என்ன செய்வது என்கிறார்கள் நம் ஆய்வாளர்கள். இதே ஊரில் 1716இல் கம்பெனியின் தரகர் நைனியப்பப் பிள்ளை கலகம் தூண்டினார் என்று குற்றம் சாட்டி, கடைத்தெருவில் நிறுத்திச் சவுக்கால் அடித்தார்கள். மறு ஆண்டு சிறையிலேயே செத்தார். மகன்கள் முறையிட்டார்கள், தீர்ப்பு பின்னால் ரத்தானது. அந்த ஒரு வழக்கின் காகிதங்களைக் கொண்டு வரலாற்றுப் பேராசிரியர் டானா ஆக்மன் 2017இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். நல்ல புத்தகம். ஆனால் அரசு விசாரித்து, தண்டித்து, கோப்பில் வைத்த மனிதர் அவர். சொத்தும் முறையிடப் பிள்ளைகளும் இருந்தவர். நூல் சுற்றிய பெண்ணை யார் விசாரித்தார்கள், கோப்பு இருக்க? காலனி அரசின் காகிதத்தை மட்டும் நம்பினால், அது யாரைப் பொருட்படுத்தவில்லையோ அவரை நாமும் விட்டுவிடுவோம்.

கூலி நின்ற நாட்களில் அடுப்பு எப்படி எரிந்தது? யாரிடம் கடன், எந்த நகை அடகுக்குப் போனது? சுடப்பட்டவன் வீட்டில் மறுநாள் ஆலைக்குப் போனது யார்? இவையெல்லாம் 'குடும்ப விஷயம்', போராட்டம் மட்டும் வரலாறு என்று பிரித்தது பிரெஞ்சுக்காரன் அல்ல, நம் தோழர்கள். சமையல் முடித்து ஆலைக்குப் போய்த் திரும்பி வந்து மறுபடி அடுப்பில் நின்றவளுக்கு எட்டு மணி நேரம் எங்கே முடிந்தது என்று ஒரு மேடையிலும் கேட்டதில்லை.

2020இல் ஆலைகளையும் மூடிவிட்டார்கள். அந்தப் பெண்களின் மகள்களில் மிஞ்சியவர்கள் எண்பதைத் தாண்டியிருப்பார்கள். அடுத்த ஜூலைக்கு மைக்செட் சொல்லும் முன் முதலியார்பேட்டைக்கு இரண்டு பேர் ஒலிப்பதிவுக் கருவியோடு போகட்டும். தலைவரைப் பற்றிக் கேட்காமல், அவர்களுடைய அம்மாவைப் பற்றிக் கேட்கட்டும்.