இரைச்சல் எங்கிருந்து?

கரமனையில் இருக்கும் என் அக்கா மகன் எலெக்ட்ரிக் கிதார் வாசிக்கிறான். அக்காவைக் கேட்டால் சத்தம் போடுகிறான் என்பாள். சமீபத்தில் 6 கிலோ எடையில் ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கினான். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே திருவனந்தபுரம் முழுக்கச் சுற்றலாம். கடையில் சமர்த்தாக இருந்த பெட்டி, வீட்டில் ப்ளக்கைச் செருகியதும் வண்டு போல இரைய ஆரம்பித்துவிட்டது.

"மாமா, ஏமாந்துட்டேன். திருப்பிக் கொடுத்துடட்டுமா?"

கொஞ்சம் பொறு என்றேன். இரைச்சலில் ரகங்கள் உண்டு. அடித்தொண்டையில் 'ம்ம்ம்' என்றால் அது மின்சாரத்தின் குரல். நம் சப்ளை விநாடிக்கு 50 சுற்று. ஸ்பீக்கரில் பெரும்பாலும் அதன் இரட்டிப்பான 100 கேட்கும். கிதாரின் தடித்த தந்தியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தினால் வருவது 98. பெட்டி கிட்டத்தட்ட அந்தச் சுருதியில் பாடினால் சந்தேகமே வேண்டாம். 'கர்ர்ர்' என்று அறுத்தால் ஃபேன் ரெகுலேட்டர் அல்லது மலிவான இன்வெர்ட்டர். 'ஸ்ஸ்ஸ்' என்ற சீறல் மட்டும்தான் அநேகமாகப் பெட்டியின் சொந்தச் சரக்கு.

ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயரைப் பிடுங்கச் சொன்னேன். கப்சிப். ஆக, குற்றவாளி பெட்டி இல்லை. மறுபடி செருகி, கிதாரின் வால்யூமை ஏற்றியதும் இரைச்சல் திரும்பியது. அவன் கிதாரில் இருப்பது ஒற்றைச் சுருள் பிக்கப். தந்தியின் அதிர்வோடு அறையில் அலையும் மின்காந்தக் குப்பையையும் சேர்த்து வாரிக்கொள்ளும். (கிப்ஸன் கம்பெனியின் சேத் லவர் 1955-இல் இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி, குப்பை ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்படி செய்தார். ஹம்பக்கர் என்ற பெயர் வந்தது அதனால்தான்.) உட்காரும் திசையைத் திருப்பினான், பாதி குறைந்தது. எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரில் ஓடிய ஃபேனை நிறுத்தினான். 'கர்ர்ர்' போயே போய்விட்டது.

அப்புறம்தான் சாவகாசமாகச் சொன்னான்: "தந்தியைத் தொட்டா லேசா சுள்ளுன்னு இருக்கு மாமா. பாண்டில் ஒருத்தன் ப்ளக்கில் எர்த் பின்னை எடுத்துடச் சொன்னான். இரைச்சலும் நின்னுடுமாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்த நண்பன் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. இரண்டு கருவிகள் வெவ்வேறு வழியில் எர்த்தானால் அவற்றுக்கிடையே ஒரு சுற்று உருவாகி இரையும். ஒரு பின்னை எடுத்தால் அடங்கும். ஆனால் தந்தி, ஒயரின் உறை, பெட்டியின் உலோகம் எல்லாம் ஒரே இணைப்பு. உள்ளே ஏதாவது பழுதானால் 230 வோல்ட் வந்து நிற்கும் இடம் வாசிப்பவனின் விரல். 1972-இல் ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, வேல்ஸின் ஸ்வான்ஸீயில் மேடையிலேயே எர்த் ஆகாத மைக்கைத் தொட்டு இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் பாடகர் கீத் ரெல்ஃப் 1976-இல் வீட்டில் கிதார் வாசிக்கையில் அதே விதமாகப் போனார்.

எடை குறைந்த பெட்டிக்கு இதில் ஒரு தனிப் பங்கு உண்டு. பழைய ஆம்ப்ளிஃபயர்களின் கனம் ட்ரான்ஸ்ஃபார்மரிலும் ஸ்பீக்கர் காந்தத்திலும் இருந்தது. ஃபெண்டரின் ட்வின் ரிவெர்ப் 29 கிலோ. 2019-இல் வந்த அதன் டோன் மாஸ்டர் வடிவம் 15 கிலோ. இப்போது கம்ப்யூட்டரில் இருப்பது போன்ற ஸ்விட்சிங் சப்ளை. அதன் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் கசிவை எர்த்தில் இறக்கும். எர்த் இல்லையென்றால் அந்தக் கசிவு உலோகத்தில் தேங்கும். 'சுள்' அதுதான். கசிவு அற்பம், ஆளைக் கொல்லாது. ஆனால் எர்த் அறுந்திருக்கிறது என்ற தகவல் அற்பமில்லை.

எலெக்ட்ரீஷியன் வந்து டெஸ்ட் லாம்பைப் பிடித்தார். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே பளிச்சென்று எரிந்த பல்பு, எர்த்தில் அழுது வடிந்தது. கொல்லைப்புறத்தில் எர்த் குழியைத் தோண்டினால் கம்பி துருப்பிடித்து இற்றுக் கிடந்தது. எத்தனை மழைக்காலமாகவோ! வாஷிங் மெஷினும் ஹீட்டரும் அத்தனை நாள் அதை நம்பித்தான் ஓடியிருக்கின்றன.

வாங்கப் போகிறவர்கள் சொந்த கிதாரையும் ஒயரையும் கடைக்குக் கொண்டுபோங்கள். பெட்டியின் வால்யூமை முக்கால் வரை ஏற்றிவிட்டு வாசிக்காமல் கேளுங்கள்; சீறல் எவ்வளவு என்பது அப்போதுதான் தெரியும். அடாப்டரில் ஓடும் ரகமானால் கூட வந்த அடாப்டரிலேயே ஓட்டிப் பாருங்கள். திருப்பித் தர எத்தனை நாள் அவகாசம் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

புதுக் கம்பி போட்டபின் 'சுள்' நின்றுவிட்டது. பெட்டி திரும்பிப் போகவில்லை. மருமகன் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, ஃபேனை நிறுத்திவிட்டு வாசிக்கிறான். திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் ஃபேன் இல்லாமல் எப்படி உட்காருவது என்பது அக்காவின் புதுப் புகார். பழைய பெட்டி ரெகுலேட்டர் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.