கப்பலும் கரையும்: பொறுப்பு யாருடையது?

அமெரிக்காவிலுள்ள பால்டிமோர் துறைமுகத்தினின்று 2024-ம் வருஷம் மார்ச்சு மாதம் 26-ந் தேதி பின்னிரவில் கொழும்புக்குப் புறப்பட்ட 'டாலி' என்னும் சரக்குக் கப்பல், மின்சாரம் அற்றுப்போய்ப் பிரான்ஸிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதியதையும், பாலம் சரிந்து, அதன்மேல் வீதியைச் செப்பனிட்டுக் கொண்டிருந்த தொழிலாளர் அறுவர் மாண்டதையும் நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கப்பற் சிப்பந்திகளில் இருபதின்மர் இந்தியர், ஒருவர் இலங்கையர். இறந்தோரின் உடல்களெல்லாம் கிடைப்பதற்கு முன்னரே, இச்சிப்பந்திகளை இடுப்புத் துணியுடன் அலறும் மூடர்களாகச் சித்தரித்த கேலிப்படமொன்று அந்நாட்டில் வெளியாயிற்று. அபாய அறிவிப்பு உரிய காலத்தில் கப்பலிலிருந்து வந்ததாலேயே போலீஸார் பாலத்தில் வண்டிகளை நிறுத்தப் பலரின் உயிர் தப்பிற்று என்பதைப் படம் வரைந்தவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

விசாரணை முடிந்து 2025 நவம்பரில் அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் வெளியிட்ட முடிவு யாது? மின்சாரப் பலகையில் ஒரு கம்பி தன் இடத்தில் சரிவரப் பொருந்தவில்லை; அதன்மேல் மாட்டியிருந்த பெயர்ச்சீட்டே அதை முழுவதும் உட்புக விடாமல் தடுத்தது. முதல் முறை மின்சாரம் நின்றதற்குக் காரணம் இது. மீண்டும் நின்றதற்குக் காரணம் வேறு. மின்சார யந்திரங்களுக்கு எண்ணெய் ஊட்ட, அவ்வேலைக்கென அமையாத ஒரு பம்பை வழக்கமாக உபயோகித்து வந்தனர். மின்சாரம் நின்றபின் அது தானே மறுபடி ஓடத்தக்கதன்று. இவ்வழக்கம் கரையிலிருந்து கப்பலை நிர்வகித்தோரின் மேற்பார்வையில் சிக்காது போயிற்றென்பதையும் வாரியம் குறித்திருக்கின்றது. கப்பல் மோதினால் பாலம் தாங்குமா என்று அதன் சொந்தக்காரர் கணக்கிட்டுப் பார்க்கவில்லை என்பதும் வாரியத்தின் கண்டனங்களில் ஒன்று. ஆகவே பழி முழுவதையும் மாலுமியின் தலையில் சுமத்துவது நியாயமன்று.

இவ்வுண்மை புதிதன்று. இதைக் கப்பல் உலகம் கற்றுக்கொண்டது 193 உயிர்களைப் பலிகொடுத்த பிறகு. பெல்ஜியத்திலுள்ள ஜீப்ரூக் துறையினின்று 1987-ம் வருஷம் மார்ச்சு மாதம் 6-ந் தேதி மாலை இங்கிலாந்தின் டோவருக்குப் புறப்பட்ட 'ஹெரால்டு ஆப் பிரீ எண்டர்பிரைஸ்' என்னும் பிரயாணிக் கப்பல், மோட்டார் வண்டிகள் ஏறும் முன்கதவு திறந்தபடியே கடலிற் சென்றது. வேகம் ஏற ஏற நீர் உட்புகுந்தது. சில நிமிஷங்களுக்குள் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து வீழ்ந்தது.

கதவை மூடவேண்டிய சிப்பந்தி தம் அறையில் உறங்கிவிட்டார். திறந்த கதவருகே கடைசியாக நின்ற மேலாள், அதை மூடுவது தம் வேலையல்ல என்று கருதிப் போய்விட்டார். கதவைக் கண்காணிக்க வேண்டிய அதிகாரி, புறப்படும் வேளையில் மேல்தளத்திலும் இருக்கவேண்டுமென்பது உத்தரவு. ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் இருக்க எம்மனிதனாலும் ஆகாது. காப்டனுக்கோ தம் இடத்திலிருந்து கதவு கண்ணுக்குத் தெரியாது. எவரும் குறை சொல்லாவிடில் எல்லாம் சரியாக இருப்பதாகக் கொள்ளவேண்டுமென்பது அக்கப்பலின் விதி! இதனினும் விபரீதமான விதியை நாம் கேட்டதில்லை.

இவ்வளவோடு நின்றிருந்தால், மாலுமிகளின் அலட்சியம் என்று எழுதி முடித்திருப்பார்கள். ஆனால் நீதிபதி ஷீன் விசாரணையைக் கரைக்கும் கொண்டு சென்றார். அதே கம்பெனியின் மற்றொரு கப்பல் 1983-லேயே கதவு திறந்தபடி டோவரை விட்டுப் புறப்பட்டிருந்தது. கதவு மூடியிருப்பதைக் காட்ட ஒரு சிறு விளக்கு வைக்கும்படி காப்டன்கள் எழுத்து மூலம் வேண்டியிருந்தனர். கரையிலிருந்த நிர்வாகஸ்தர்கள் அவ்வேண்டுகோளைப் பரிகசித்துப் பதில் எழுதினர். விபத்துக்குப் பிறகு சில தினங்களிலேயே கம்பெனியின் மற்றக் கப்பல்களில் அவ்விளக்கு ஏறிற்று. அலட்சியம் என்னும் நோய் கம்பெனியின் மேலிருந்து அடிவரை பரவியிருந்ததென்பதே நீதிபதியின் தீர்ப்பு. எனினும் காப்டனின் சான்றிதழ் ஒரு வருஷமும், அதிகாரியின் சான்றிதழ் இரண்டு வருஷமும் பறிபோக, கம்பெனியின் மேல் வந்த கொலைக்குற்ற வழக்கு 1990-ல் தோற்றது. குற்றம் பலரிடம் சிதறியிருந்ததால், நிர்வாகத்தில் எவரையும் சட்டம் பற்றவில்லை. கம்பெனியையே குற்றவாளியாக்கும் தனிச் சட்டம் பிரிட்டனில் வர 2007 ஆயிற்று.

சர்வதேசக் கடல்சார் ஸ்தாபனம் 1993-ல் பாதுகாப்பு நிர்வாக விதிகளை ஏற்றதற்கு முக்கிய தூண்டுதல் இவ்விபத்தே. பிரயாணிக் கப்பல்களுக்கும் எண்ணெய்க் கப்பல்களுக்கும் 1998-லும், மற்றப் பெருங்கப்பல்களுக்கு 2002-லும் அவை கட்டாயமாயின. அவற்றில் நாம் பெரிதாக மதிப்பது இரண்டு. ஒன்று, கரையில் ஒருவரைப் பெயர் குறித்து நியமிக்கவேண்டும்; கப்பலில் உள்ளோர் அவரிடம் நேரே முறையிடலாம்; அவர் கம்பெனியின் தலைமை நிர்வாகியை நேரே அணுகலாம். விளக்குக் கேட்ட காப்டன்களுக்கு அன்று இல்லாதிருந்த வாசல் இது. மற்றொன்று, பாதுகாப்பு விஷயத்தில் காப்டனின் முடிவே மேலானது என்பதைக் கம்பெனி எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏட்டில் உள்ளது நடப்பிலும் உண்டா? அந்நியமிக்கப்பட்டவர் கம்பெனியின் சம்பளக்காரர். காலதாமதத்தைப் பொறுக்காத முதலாளி காப்டனை அடுத்த பயணத்துக்கு அழைக்காமல் விட்டுவிடலாம். அதற்குக் காரணமும் சொல்லவேண்டியதில்லை. கம்பெனிக்கு ஒரு சான்றுப் பத்திரம், கப்பலுக்கு ஒரு சான்றுப் பத்திரம், வருஷத்துக்கொரு உட்பரிசோதனை, மூட்டை மூட்டையாய்க் குறிப்பேடுகள்! உறக்கமின்றி உழைத்த மாலுமி, செய்யாத சோதனைக்கும் அடையாளமிட்டுக் கையெழுத்திடுவானாயின், அதைக் கண்டு திருப்தியுறும் கரையதிகாரியே முதற் குற்றவாளி என்போம்.

இவ்விஷயத்தில் நம்மவர்க்கு உள்ள அக்கறை பெரிது. உலகக் கப்பல்களில் இந்திய மாலுமிகள் லட்சக்கணக்கில் உழைக்கின்றனர். சென்னையிலும் தூத்துக்குடியிலும் பயின்று செல்லும் வாலிபர் பலர். தென் கொரியக் கடலில் 2007 டிசம்பரில் நங்கூரமிட்டு நின்ற 'ஹெபெய் ஸ்பிரிட்' எண்ணெய்க் கப்பல்மேல், கட்டறுந்து வந்த பாரந்தூக்கிப் படகு மோதிற்று. நின்ற கப்பலின் இந்தியக் காப்டனும் முதல் அதிகாரியும் கீழ்க்கோர்ட்டில் விடுதலை பெற்றும், மேல்முறையீட்டில் சிறை புகுந்தனர். அவர்கள் தாயகம் திரும்ப 2009 ஜூன் ஆயிற்று.

நமது சர்க்கார் 1958-ம் வருஷச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதிய வணிகக் கப்பற் சட்டம் இயற்றியிருக்கின்றனர். அதன்கீழ் நம் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களைச் சோதிக்கும் அதிகாரிகள், பத்திரங்களைப் புரட்டிவிட்டு இறங்கிவிடலாகாது. கடைநிலை மாலுமியைத் தனியே அழைத்து, கரையில் யாரிடம் முறையிடுவாய், அவர் பெயர் என்ன, சென்ற முறை எழுதியதற்குப் பதில் வந்ததா என்று கேட்கட்டும். விடை வராத கப்பலை அங்கேயே நிறுத்தி, கம்பெனியின் நிர்வாகியைத் துறைமுகத்துக்கு வரவழைக்க வேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.