வேலை ரயில் திரும்பிய பிறகு ஒரு கூட்டம்

கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்தோடு ரயில் பாதை முடிந்துவிடுகிறது. பங்காருப்பேட்டையிலிருந்து சுரங்கங்களுக்காக 1894-இல் போட்ட கிளைப் பாதை அது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு, தங்கவயலின் உழைப்பாளிகளைப் பெங்களூருக்கு ஏற்றிப்போய் இறக்குவதே அதன் முக்கிய வேலை. விடியுமுன் கிளம்பி இருட்டிய பிறகு, சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளுக்குத் திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களில் ஒருவர் குடியை விட வேண்டும் என்று நினைத்தால் எங்கே போவார்? அதைவிட, எந்த நேரத்தில் போவார்?

2019-இல் மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் சுமார் 2.9 கோடிப் பேர் மதுவுக்கு அடிமையானவர்கள் என்றது. அவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். மற்ற 37 பேரும் திருந்த மனமில்லாதவர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். போய்ச் சேரும் தூரத்தில், போகக்கூடிய நேரத்தில், பேசத் தெரிந்த மொழியில் உதவி இருந்ததா என்று கேட்பதுதான் நியாயம்.

தங்கவயலிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் பெங்களூர் நிம்ஹான்ஸ் இருக்கிறது. போதை மீட்புக்கென்றே அங்கே தனிப் பிரிவு உண்டு. பல வருடம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் வீட்டிலேயே நிறுத்தினால் கைநடுக்கத்தோடு போகாது; வலிப்பு வரலாம், மனப்பிரமை உண்டாகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே முதலில் மருத்துவர்தான். ஆனால் மருத்துவமனை வாசம் சில வாரங்களில் முடிந்துவிடும். பிறகு அதே லைன், அதே கூட்டாளிகள், அதே சம்பள நாள். குடியை விட முயல்கிறவர்கள் கூடிப் பேசும் குழு தேவைப்படுவது அப்போதுதான்.

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், ஒரு பங்குச் சந்தைக்காரரும் ஓர் அறுவை மருத்துவரும், இருவருமே குடிநோயாளிகள், உட்கார்ந்து பேசியதில் பிறந்தது ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’. நம் ஊரில் ஏ.ஏ. கூட்டம் என்பார்கள். சேரக் கட்டணம் இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. 10,000-க்கு மேற்பட்டோரை உள்ளடக்கிய 27 ஆய்வுகளை 2020-இல் காக்ரேன் அமைப்பு அலசியது. முற்றாகக் குடியை விட்டு இருப்பதில், இத்தகைய குழுக்களோடு சேர்க்கும் முறையான சிகிச்சை மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலான பலன் தருகிறது என்று அது கண்டது. எல்லோருக்கும் பலிக்கும் என்று பொருளில்லை. ஆனாலும் இலவசமாகக் கிடைப்பதற்கு இது பெரிய பலன்தான்.

இதற்கு நேர் எதிராக, ‘குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்கடிக்கலாம்’ என்னும் நோட்டீஸ்கள் பஸ் நிலையச் சுவர்களில் தொங்குகின்றன. டைசல்ஃபிரம் போன்ற மாத்திரையைத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து, அவர் அதன்மேல் குடித்துவிட்டால் இதயமே தடுமாறலாம். மனைவிமார் இதை வாங்குவது அறியாமையால் அல்ல. வேறு வழி கண்ணில் படாததால். அவர்களைப் போன்ற குடும்பத்தாருக்காகவே 1951-இல் தொடங்கிய ஆல்-அனான் குழுக்கள் இருக்கும் செய்தி எத்தனை வீடுகளை எட்டியிருக்கிறது?

ஏ.ஏ. உறுப்பினர்கள் பின்பற்றும் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார். அம்பேத்கரையும் செங்கொடியையும் அறிந்த தங்கவயலில் இது சிலரை வாசலிலேயே திருப்பி அனுப்பக்கூடும். ஆனால் ‘நாம் புரிந்துகொண்ட விதத்தில் கடவுள்’ என்று அந்தப் படிகளே இடம் கொடுக்கின்றன. குழுவையே தம்மிலும் பெரிய சக்தியாகக் கொண்டவர்கள் பலர். கூடிக் குடியை விலக்கும் முயற்சி மாரிகுப்பத்துக்குப் புதிதும் அல்ல. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கே கிளை இருந்தது. பஞ்சசீலத்தின் ஐந்தாவது சீலம் மதுவை விலக்குவது. தொழிலாளர்கள் ஒன்றுகூடித் தங்களைத் தாங்களே மாற்றிக்கொள்ள முயன்ற ஊர் இது.

சென்னையில் போதை மீட்புக்கான டி.டி.கே. மருத்துவமனையை 1980-இல் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், பின்னாளில் தஞ்சைப் பகுதியின் மஞ்சக்குடியில் சிகிச்சை முகாம் போட்டார். நோயாளியைச் சென்னைக்கு வரச் சொல்லாமல் சிகிச்சை ஊரைத் தேடிப் போனது. தங்கவயலும் அப்படித்தான் யோசிக்க வேண்டும்.

தேடுகிறவர் 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணையோ 14416 என்ற டெலி-மானஸ் எண்ணையோ அழைத்து, தமிழில் நடக்கும் குழு அருகில் எங்கே என்று கேட்கலாம். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த லைனில் ‘இங்கே கேட்டது வெளியே போகாது’ என்ற வாக்குறுதியை நம்பச் சிலருக்கு நாளாகும். அவர்கள் பெங்களூரில் வேலையிடத்துக்குப் பக்கத்துக் குழுவில் தொடங்குவது நல்லது; தெரிந்த முகம் இருக்காது. அங்கே பழகிய பிறகு ஊரில் தொடங்கலாம். இரண்டு மூன்று பேர் கூடினாலே அது குழு என்கிறது ஏ.ஏ. மரபு.

அப்படித் தொடங்கும் குழுவுக்கு வேண்டியது ஓர் அறையும் நாலைந்து நாற்காலியும். தேவாலயங்களிடமும் சங்கங்களிடமும் பள்ளிகளிடமும் அவை உள்ளன. மாலை ரயில் வந்த பிறகு வாரம் ஒரு மணி நேரம் சாவியைக் கொடுக்கலாம். பக்கத்து அறை இருந்தால் குடும்பத்தாருக்கு. கதவில் பெயர்ப் பலகை வேண்டாம், நேரம் மட்டும் மாறக்கூடாது.