தொப்பையை உறிஞ்சி எடுத்தால் போதுமா?

ராஜபாளையத்துக்கும் சிவகிரிக்கும் இடையே மலையடிவாரத்தில் இருக்கும் ஊர் தேவதானம். அங்குள்ள சிவனுக்கு நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி என்று பெயர். சோழ மன்னன் பாண்டியனுக்கு அனுப்பிய விஷம் தோய்ந்த ஆடையிலிருந்து பாண்டியனைக் காப்பாற்றியதால் வந்த பெயர் என்கிறது தலபுராணம். அந்தக் கதையில் விஷம் மேலே போடும் துணியில் இருந்தது. இன்று நம்மவர்கள் வயிற்றில் சுமக்கும் விஷம் அப்படிப்பட்டதல்ல. அது உள்ளே இருக்கிறது!

தொப்பை என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதில் இரண்டு வகைக் கொழுப்பு இருக்கிறது. கையால் கிள்ளினால் பிடிபடுவது தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு. இன்னொன்று வயிற்றுத் தசைக்கும் உள்ளே, குடலையும் மற்ற உறுப்புகளையும் சுற்றிப் படிவது. ஆபத்தானது இந்த இரண்டாவதுதான். இதிலிருந்து வெளியேறும் கொழுப்பு அமிலங்கள் நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகிறது. சர்க்கரை நோய், இதய நோய் எல்லாம் பின்னாலேயே வருகின்றன.

சரி, லைப்போசக்‌ஷன் என்ன செய்கிறது? தோலுக்கு அடியில் குழாயை விட்டு அங்குள்ள கொழுப்பை உறிஞ்சுகிறது. அவ்வளவுதான். உறுப்புகளைச் சுற்றியுள்ள கொழுப்பை அந்தக் குழாய் தொடவே முடியாது. வயிற்றுத் தோலை வெட்டித் தைக்கும் 'டம்மி டக்' ஆபரேஷனுக்கும் இதே எல்லைதான்.

2004-ல் அமெரிக்காவில் உடல் பருமன் உள்ள 15 பெண்களுக்கு இப்படிச் சுமார் 10 கிலோ கொழுப்பை எடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதம் ஆகும் தறுவாயில் சோதித்தபோது இன்சுலின் செயல்பாடு, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எதிலும் முன்னேற்றம் இல்லை. 2012-ல் வெளிவந்த பிரேசில் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. லைப்போசக்‌ஷன் செய்துகொண்டு உடற்பயிற்சி செய்யாமல் இருந்த பெண்களுக்கு ஆறு மாதத்தில் உள்கொழுப்பு சுமார் 10 சதவீதம் கூடியிருந்தது. பயிற்சி செய்தவர்களுக்குக் கூடவில்லை.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு 'விண்டோ டிரஸ்ஸிங்' தெரிந்திருக்கும். நஷ்டத்தில் ஓடும் கம்பெனியின் ஐந்தொகையை அழகாக்கிக் காட்டுவது. பார்க்கிறவர்கள் ஏமாறுவார்கள், கடன் அப்படியே இருக்கும். இதுவும் அதுதான்!

ஆபரேஷன் என்றால் ஆபத்தும் உண்டு. 2022 மே மாதம் பெங்களூருவில் கன்னட சின்னத்திரை நடிகை சேத்தனா ராஜ் கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் பின் இறந்துபோனார். வயது 21. கல்லூரி முடிக்கும் வயது.

இதற்காக ஆபரேஷனை நாடுகிறவர்களைக் கிண்டல் செய்வது நியாயமில்லை. பெண் பார்க்கும் இடத்திலும் வகுப்பறையிலும் 'குண்டு' என்று கூப்பிட்ட நாம்தான் அவர்களை அங்கே அனுப்பி வைத்தோம். மிக அதிக எடையால் அவதிப்படுபவர்களுக்கு இரைப்பையில் செய்யும் பேரியாட்ரிக் சிகிச்சை உண்மையான மருத்துவம், அது வேறு. அழகுக்காக லைப்போசக்‌ஷன் செய்துகொள்வது அவரவர் விருப்பம். ஆனால் அதை ஆரோக்கியம் என்று நினைத்துக் கடன் வாங்கக் கூடாது.

பின் வழி என்ன? அதற்கான பதில் நம் சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது. எதுவும் செய்யாதவர்களில் மூன்று ஆண்டில் 100-க்கு 55 பேருக்கு நோய் வந்தது. தினமும் அரை மணி நேரம் வேக நடை, உணவில் கட்டுப்பாடு என்று இருந்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை! கண்ணாடிக்கும் தராசுக்கும் தெரியாத நன்மை உள்ளே நடந்திருக்கிறது.

ஒரு டேப் போதும். மூச்சை வெளியே விட்டபின், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் அளந்து பாருங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் எச்சரிக்கை. ஒல்லியான கை கால் உள்ளவர்களும் அளக்க வேண்டும். இந்தியர்களுக்கு எடை குறைவாக இருந்தாலும் வயிற்றில் கொழுப்பு சேரும்.

ஒரு விஷயத்தை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். "நடங்கள்" என்று சொல்வது சுலபம். தேவதானம் போன்ற ஊர்களில் ஆண்கள் கண்மாய்க் கரையில் நடந்துவிடலாம். வேலை முடித்து இருட்டிய பிறகு ஒரு பெண் தனியாக எங்கே நடப்பாள்? 2023 நவம்பரில் தமிழக அரசு எல்லா மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கியது. மாவட்டத்துக்கு ஒன்று போதாது. விளக்கு எரியும் ஒரு தெரு ஒவ்வொரு ஊருக்கும் வேண்டும். எந்த ஆபரேஷனை விடவும் அது மலிவு.

வெளித்தொப்பையை டாக்டர் எடுத்துவிடுவார். உள்தொப்பையை நம் கால்கள்தான் எடுக்க வேண்டும். யோசியுங்கள்... நடந்துகொண்டே!