அடிபட்டவளின் மௌனமும் சமூகத்தின் மானமும்

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் நம்மவர் நாலு பேர் கூடிப் பேசுகிற இடங்களில், அது கோயில் மண்டபமாயினும் சரி, சொங் பாங் பக்கத்துக் காப்பிக்கடையாயினும் சரி, கணவன் கையால் அடியுண்ட பெண்ணொருத்தியின் சேதி வந்து விழுமானால், அவளுக்குக் காயம் எங்கே, பிள்ளைகள் எங்கே என்று கேட்பதற்கு முன்பாகவே, "வெளியே தெரியவேண்டாம் அம்மா, நாம் இந்நாட்டில் சிறுபான்மை, நாலு இனத்தார் பார்க்க நம் பேர் கெடலாமா?" என்று புத்தி சொல்லும் பெரியவர் ஒருவர் தவறாமல் கிடைத்துவிடுகிறார். அவரைத் துஷ்டர் என்று நான் சொல்லமாட்டேன். மெய்யான கவலையோடுதான் பேசுகிறார். ஆனால் நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதாலேயே எதிர்ப்பின்றி உலவிவரும் இந்த அபிப்பிராயம், அதாவது சமூகத்தின் கௌரவத்தை அதில் அடிபட்டவர்களே வாய்மூடியிருந்து காக்கவேண்டும் என்பது, பொய்யானது. அடித்தவனுக்கு அரணாகவும் அடிபட்டவளுக்கு இரண்டாவது அடியாகவும் முடிவது.

பெரியவரின் அச்சத்துக்கு ஆதாரமே இல்லை என்பதன்று. வாடகைக்கு வீடு தேடி, 'இந்தியர் வேண்டாம்' என்ற பதிலோடு திரும்பியவர்கள் நம்மிடையே உண்டு. 1989 முதல் அமலில் இருக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி அரசு அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒவ்வொரு புளோக்கிலும் இனவாரி விகிதம் வரையறுக்கப்பட்டிருப்பதால், ஒரு தளத்தில் ஒரே ஒரு தமிழ்க் குடும்பம் இருப்பது சர்வசாதாரணம். சுற்றிலும் பிறர் கண்கள் என்ற கூச்சம் அத்தகைய வீட்டில் மிகுவது இயல்பே. ஆயினும் அந்தத் தளத்தின் நடைபாதையைச் சற்றே நினைத்துப் பார்க்கவேண்டும்: இரும்புக் கம்பிக் கதவு, வாசலில் செருப்பு அலமாரி, துளசித்தொட்டி, நாலடி தள்ளி அடுத்த வீட்டுச் சன்னல். இரவு பதினொரு மணிக்குத் தட்டு உடைகிற ஓசையும், குழந்தை வீரிட்டழும் குரலும், மறுநாள் காலை அந்த வெக்கையிலும் முழுக்கைச் சட்டையோடு மின்தூக்கியில் தலைகுனிந்து நிற்கும் பெண்ணும், எதிர்வீட்டுச் சீனப் பாட்டிக்கும் பக்கத்து மலாய்க் குடும்பத்துக்கும் தெரியாத ரகசியங்களா? யாரிடமிருந்து மறைக்கிறோமோ அவர்களுக்கெல்லாம் முன்பே தெரியும். நம்மவர்தான் தெரியாததுபோல் பாவனை செய்துகொண்டிருக்கிறோம்.

2021 மே மாதத்தில் சுவா சூ காங்கில், விரைநடை சென்றுகொண்டிருந்த இந்திய வம்சாவளிப் பெண்மணி ஒருவரை அந்நியன் ஒருவன் இனத்தைச் சொல்லி ஏசி, மார்பில் உதைத்துத் தள்ளினான். நாடே பதறியது; பிரதமரே கண்டித்தார்; அந்தப் பெண்மணியை 'வெளியே சொல்லாதீர்கள்' என்று நம்மில் எவரும் தடுக்கவில்லை, தடுப்பது அசிங்கம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. உதைத்த கால் அந்நியனுடையதாயிருந்தால் கூக்குரலும் நம்மவனுடையதாயிருந்தால் சமாதானமும் உசிதம் என்றால், நாம் பரிந்து நிற்பது பெண்ணுக்காகவா, பேருக்காகவா?

மௌனம் பேரையாவது காத்ததா என்றால் அதுவுமில்லை. 2016-இல் பீஷானில், நம் இனத்தார் வீடொன்றில், மியன்மாரிலிருந்து வந்த இருபத்துநான்கு வயதுப் பணிப்பெண் பட்டினியாலும் அடியாலும் வதைபட்டு உயிர்விட்டபோது அவளுடைய எடை இருபத்துநான்கு கிலோ. 2021-இல் எஜமானிக்கு முப்பதாண்டுச் சிறை விதிக்கப்பட்டபோது அச்செய்தி உலகமெங்கும் அச்சேறியது. அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு மனமில்லை.

அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள், பேருக்கும் பெண்ணுக்கும் இடையிலான இந்தச் சங்கடத்தை நமக்கு முன்பே, நம்மினும் கொடிய நிலையில் அனுபவித்தவர்கள். தம் ஆடவரைக் காவலர் நடத்தும் விதத்தை அறிந்தவர்கள் ஆதலால், அவர்கள் வாய்திறக்கத் தயங்கியதற்கு நம்முடையதைவிடப் பலத்த காரணம் இருந்தது. சட்டப் பேராசிரியை கிம்பர்லே கிரென்ஷா 1991-இல் வெளியிட்ட கட்டுரையில், குடும்ப வன்முறை பற்றிய வட்டாரவாரிக் கணக்கை லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறையிடம் கேட்டுத் தாம் பெறமுடியாமற் போனதையும், சிறுபான்மையினரின் பேர் கெடும் என்ற அச்சம் அதற்கொரு காரணமாய்ச் சொல்லப்பட்டதையும் பதிவு செய்திருக்கிறார். மறைத்ததனால் எந்தப் பெண்ணின் காயமும் ஆறவில்லை. ஆறத் தொடங்கியது வேறிடத்தில்: 1983-இல் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில் பில்லி ஏவரி கூட்டிய மாநாட்டை ஒட்டி, கறுப்பினப் பெண்கள் சிறு சிறு குழுக்களாக அமர்ந்து, தம் உடம்பைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் தமக்குள்ளேயே உரக்கப் பேசத் துணிந்த இடத்தில். சொந்த ஜனங்கள் காதுகொடுத்ததே அங்கே முதல் சிகிச்சையாயிருந்தது.

இத்துணிவு நமக்குப் புதிதென்பாரும் சரித்திரம் மறந்தவர்களே. 1932-இல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கமும், 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும், நம் சாதிச் செருக்கையும் மூடவழக்கங்களையும் மேடையிலும் அச்சிலும் பகிரங்கமாகவே கண்டித்தன. வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்த காலத்தில், அவன் காதுபடவே கண்டித்தன. அதனால் தமிழன் தலை தாழ்ந்ததாக எவரும் சொல்லக் கேட்டதில்லை. பின்னாளில் 1995-இல், நியமன நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த எலும்பு அறுவை மருத்துவர் கன்வல்ஜித் சோயின் குடும்ப வன்முறை மசோதாவைக் கொணர்ந்தார். அது நிறைவேறாவிடினும், அதன் கருத்துகள் பல மறு ஆண்டில் மாதர் சாசனத் திருத்தத்தில் இடம்பெற்றன. இந்தியச் சிறுபான்மையைச் சேர்ந்த அந்த அம்மையார் பேருக்கு அஞ்சி வாளாவிருந்தாரில்லை.

இப்போது சட்டம் நம்மைவிட வெகுதூரம் முன்னே நிற்கிறது. தனிநபர் பாதுகாப்பு ஆணை உண்டு; 2023-இல் நிறைவேறிய திருத்தம் உள்ளத்தைச் சிதைக்கும் கொடுமையையும் வன்முறை என்றே வரையறுக்கிறது; இரவு பகலாய் இயங்கும் 1800-777-0000 என்ற உதவி எண் உண்டு. ஆனால் ஆணை ஒரு காகிதம். அதைக் கையில் வைத்துக்கொண்டு அன்று மாலை அவள் யாருடன் உட்கார்ந்து சாப்பிடுவாள் என்பதை நீதிபதி எழுதித் தரமுடியாது. பங்குனி உத்திரத்தன்று ஈசூன் தொழிற்பேட்டையிலுள்ள பாலசுப்பிரமணியர் ஆலயத்துக்குக் காவடி வருவதைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: அலகு குத்தியவர் தனியே நடப்பதில்லை, முக்காலி தூக்கி வருபவன் ஒருவன், தண்ணீர்ப் போத்தலோடு ஒருவன், அவர் தளர்ந்து அமரும்போது மண்டியிட்டுக் கெண்டைக்காலைப் பிடித்துவிடும் மைத்துனன் ஒருவன், பாடியபடியே தங்கைமார். தாமே விரும்பி ஏற்ற வலிக்கு இத்தனை துணை திரட்டத் தெரிந்த ஜனங்கள், விரும்பாமல் வந்த வலியோடு ஒருத்தி குடும்பநீதிமன்றத்துக்குப் போகும்போது, பிள்ளையை மடியில் வாங்கிக்கொள்ள ஓர் அத்தையைக்கூட அனுப்புவதில்லை.

அனுப்பாதது மட்டுமா? பாதுகாப்பு ஆணை பெற்றவள் என்று தெரிந்தபின் வளைகாப்புக்கும் நலங்குக்கும் அவளுக்கு அழைப்பு குறைகிறது. அவள் யாருக்கு எதிராக ஆணை பெற்றாளோ அவனோ, நன்கொடைச் சீட்டின் பலத்தில், பொங்கல் விழாவில் முன்வரிசையில் அமர்ந்து பொன்னாடை வாங்கிக்கொள்கிறான். சமூகத்தின் மானத்தைப் பற்றி அவளுக்கு உபதேசிக்க விரும்பும் பெரியவர்கள், அந்தப் பொன்னாடையை அவன் தோளில் போர்த்தியது யார் கை என்பதற்கு முதலில் பதில் சொல்லட்டும்.